ராஜா வீட்டுப் பெரிய விளக்கு

சாயங்காலம் ஆடுகளைத் தப்பில்லாமல் எண்ணிவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரர் ரப்தென் ஒரு வருடமாக இந்த ஒரே வாதத்தை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் பட்டி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் பேர் சொல்லி உள்ளே விடுவார். கறுப்புக்காது, நொண்டி, திருடி. ஒன்றுகூடத் தப்பாது. அதே மனிதர்தான் போன மாதம் நண்பகலில், வயலில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த என்னை, வாற்கோதுமையை மேய வந்த யாக் மாடு என்று நினைத்து மண்ணாங்கட்டியை விட்டெறிந்தார். முதுகில் சரியாக விழுந்தது.

"நீ எதுக்கு அந்தக் கறுப்பு அங்கியப் போட்டுக்கிட்டு குனிஞ்ச?" என்று என்னிடமே கேட்டார்.

சேதாங் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, எடுத்தால் பார்வை வரும், விட்டால் இருப்பதும் போய்விடும் என்று சொன்னார்கள். லாசாவிலிருந்து கண் டாக்டர்கள் வந்து தங்கும் நாட்களில் இவருக்கும் ஒரு நாள் கொடுத்தார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க மனிதர் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விடுவார். பயம்தான். கீழ்வீட்டு தர்கேவுக்கு இதே ஆபரேஷன் ஆகி ஒரு கண் போயிற்று. கட்டுப் போட்டு அனுப்பினால், அந்தப் புத்திசாலி வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வெண்ணெய் தடவிக்கொண்டான். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதிகாலையில் என் நாத்தனார் குன்சாங் வந்து சேர்ந்தாள். பள்ளத்தாக்கின் மேல்கோடியில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் என்றால் உயிர், சாமி என்றால் அதற்கும் ஒரு படி மேல். தன் வீட்டு மாட்டு வெண்ணெயை உருக்கி பிளாஸ்கில் ஊற்றி, அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"விளக்குக்கு வெண்ணெய் ஊத்துறவங்களுக்குக் கண்ணு தெளியும், அண்ணி. கத்தி எதுக்கு?" என்றாள், வாசலில் கால் வைக்கும் முன்பே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் குறுக்கே புகுந்தார். பல நாளுக்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி இவர் பேசியது அப்போதுதான்.

"மூணு பேருமா ராஜா வீட்டுக்குப் போவோம். பெரிய விளக்குல இந்த வெண்ணெய ஊத்துவோம். சுடர் ஆடாம நின்னு எரிஞ்சா நாளைக்கு பஸ் ஏறுறேன். எரியலைன்னா ரெண்டு பேரும் என்னை விட்டுடணும்."

மனிதனின் கண்ணைக் கொண்டுபோய் ஒரு திரியின் தலையில் கட்டுவதா என்று கத்தத்தான் நினைத்தேன். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். ராஜா வீட்டுப் பெரிய விளக்கு இருக்கும் அறையில் ஈ பறந்தால்தான் காற்று. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுடர் அசைந்து பார்த்ததில்லை. இவர் தோற்கிற பந்தயத்தைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று உடனே சம்மதித்தேன். ஒரு பிளாஸ்கில் உப்பு டீயும் வாற்கோதுமையை வறுத்து அரைத்த சாம்பா மாவு ஒரு பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ராஜா வீட்டைப் பற்றி நான் பெருமை பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். எங்கள் யார்லுங் பள்ளத்தாக்கில் எந்த வயலில் நின்று நிமிர்ந்தாலும் அது தெரியும். ஒல்லியான முகட்டின் நுனியில், ஒல்லியாகவே நிமிர்ந்து நிற்கும். மலை எங்கே முடிந்தது, சுவர் எங்கே தொடங்கியது என்று சுலபத்தில் சொல்ல முடியாது. எங்கள் முதல் ராஜாவுக்காகக் கட்டிய அரண்மனை என்பார்கள். ராஜாக்கள் லாசாவுக்குக் குடிபோன பிறகு பிக்குகள் வந்து அதைக் கோயிலாக்கிக்கொண்டார்கள். ராஜா சாப்பிட்ட இடத்தில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தலைமுறைக்குச் சற்று முன்னால் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்து கல்லும் மரமும் சுமந்து மறுபடி எழுப்பியது. உலகத்தில் எத்தனையோ பெரிய அரண்மனைகள் இருக்கலாம். ஊரே முதுகில் தூக்கிக்கொண்டு போய் மலையில் வைத்த அரண்மனை இது ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அப்படிச் சுமந்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். உத்தரக் கட்டைகளைத் தோளில் ஏற்றியே தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிப்போனவர். சுவரில் சித்திரம் எழுத வந்த ஓவியர் இவர்கள் சுமப்பதைத் தினமும் பார்த்திருக்கிறார். முதல் ராஜா வானத்திலிருந்து இறங்கி வந்தபோது அவரைக் கழுத்தில் ஏற்றிச் சுமந்த இடையர்களை வரைய வேண்டிய இடம் வந்ததும், வேறு முகம் தேடாமல் இவர்கள் முகங்களையே எழுதிவிட்டார். மாமனார் இறந்து வெகுகாலமாகிறது. அவரைப் போட்டோ எடுத்தவர் யாரும் இல்லை. அவர் முகம் பூமியில் இருப்பது அந்தச் சுவரில் மட்டும்தான்.

இவர் வருடா வருடம் புத்தாண்டுக்குப் போய் அந்தச் சுவர் முன்னால் நிற்பார். கடைசி இரண்டு முறை டார்ச் விளக்குகூட எடுத்துப்போனார். தலையைத் தலையை ஆட்டிவிட்டு, "அப்பா நல்லாருக்கார்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் பார்த்துத் தலையாட்டியது வேறு யாரோ ஒருவருடைய முழங்காலை.

மலையடிவாரத்தில் குதிரைக்காரர்கள் மொய்த்தார்கள். இவர் குதிரை வேண்டாம் என்றுவிட்டார். நான் வலது கையையும் குன்சாங் இடது கையையும் பிடித்துக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் ஜெபக்கொடிகள் கட்டிய பாறைக்கருகில் உட்கார்ந்து டீ குடித்தோம். குன்சாங் தன் பிளாஸ்கை அதுவரை கீழே வைக்கவில்லை. சாம்பா பிசைய இரண்டு கையும் வேண்டுமே என்று அப்போதுதான் வைத்தாள். என் டீ பிளாஸ்கும் அவளுடையதும் ஒரே கடையில் வாங்கியவை. இரண்டிலும் அதே சிவப்புப் பூ.

"கத்தி பட்ட கண்ணால சாமியப் பாக்கலாமா, அண்ணி?" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"சாமிய அப்புறம் பாக்கட்டும். முதல்ல என்னையும் யாக்கையும் பிரிச்சுப் பாக்கட்டும்."

"ரெண்டும் முட்டத்தானே செய்யுது" என்றார் இவர், மாவை மென்றுகொண்டே.

"தர்கே அண்ணனுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க."

"வெண்ணெய் தடவுனான், கண்ணு போச்சு. கண்ணு என்ன ரொட்டியா?"

"வெண்ணெய் மேல பழி போடாதீங்க. அது சாமிக்கு ஊத்துறது."

"சாமிக்கு ஊத்து, யாரு வேண்டாம்னா? அவரு கண்ணுல ஊத்தாம இருந்தா சரி."

"உங்களுக்கு எப்பவும் எகத்தாளம்தான்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கைக்கு அகப்பட்ட பிளாஸ்கை அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே நடந்தாள். நானும் கோபத்தில் மற்றதைத் தூக்கிக்கொண்டு, இவர் கையைப் பிடித்து ஏற்றினேன்.

கோயிலுக்குள் நல்ல கூட்டம். வடக்கே மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் எங்களுக்குப் பின்னால் நின்றது. ஆட்டுத்தோல் அங்கியும், கைக்குழந்தைகளும், ஆளுக்கொரு ஜெபச்சக்கரமுமாக வாசல் வரை நீண்டிருந்தார்கள். சுவரில் கரி படிகிறது என்று சின்ன விளக்குகளையெல்லாம் வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே பெரிய விளக்கு மட்டும்தான். அண்டா அளவுக்குப் பித்தளைக் கிண்ணம், அதில் கட்டைவிரல் தடிமனில் திரி. புத்தருக்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ராஜாக்களுக்கும் எதிரே, சித்திரச் சுவருக்கு முன்னால் அது நின்று எரியும். அதன் வெளிச்சத்தில் ராஜாக்களின் மீசைகூடப் பொன்னாகத் தெரியும். எத்தனை முறை வந்தாலும் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு குறைந்துவிடுகிறது. வீட்டில் இதை யாரும் நம்புவதில்லை.

சுடர் அன்றைக்கும் ஆணி அடித்த மாதிரி நின்றது. எனக்கு உள்ளுக்குள் குஷி. நாளைக்குப் போட்டுக்கொண்டு போக இவருடைய எந்த அங்கியை எடுத்துவைப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் முறை வந்தது. குன்சாங் முன்னால் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு படபடக்க, "அண்ணனுக்குக் கண்ணு தெளியணும், அண்ணனுக்குக் கண்ணு தெளியணும்" என்று பிளாஸ்கைத் திறந்து சாய்த்தாள். எல்லாரும் ஓரமாக ஒரு கரண்டி ஊற்றுவார்கள். இவள் பக்தி முற்றி, திரியின் உச்சந்தலையிலேயே கவிழ்த்துவிட்டாள்.

சடசடவென்று வெடித்தது. கொழுப்பு நாலாபக்கமும் தெறித்தது. புஸ் என்று ஒரு புகை எழுந்து சுடர் அணைந்துபோனது. அறை இருண்டது. வெண்ணெய் தீய்ந்த நாற்றத்தோடு உப்பு டீயின் மணமும் வந்தது.

வரிசையில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் லாமா மூலையிலிருந்து எழுந்து வந்து, கிண்ணத்தின்மேல் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா ஊத்துன?"

"வெண்ணெய் சாமி. எங்க வீட்டு வெண்ணெய்."

"டீம்மா இது" என்றார் லாமா.

குன்சாங் பிளாஸ்குக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையால அண்ணன் கண்ண அவிச்சுட்டேனே" என்று நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவளைக் கேலி செய்தே நான் பத்து வருடம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கோ, பந்தயம் போயிற்று, பஸ் போயிற்று, இவருடைய கண்ணும் போயிற்று என்றுதான் தோன்றியது. இனி எந்த டாக்டர் வந்து காலில் விழுந்தாலும் இந்த மனிதர் அசைய மாட்டார். நான் இவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னங்க, இதெல்லாம் சகுனம் இல்ல. டீய ஊத்துனா எந்த நெருப்பும் அணையத்தான் செய்யும். கேக்குறீங்களா?"

"பேசாம இரு" என்றார்.

குரல் வேறு மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கையகல ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாக விடியற்காலை மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அவர் என் கையை விடுவித்துக்கொண்டு, யாரையும் பிடிக்காமல், இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"அப்பா" என்றார்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற பழைய வேலையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏ யாங்சோம், இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். "அப்பா கால் கட்டைவிரல்ல துணி சுத்தியிருக்கார் பாரு. அன்னிக்கி உத்தரம் விழுந்து நகம் பேந்துச்சே, அந்தக் கட்டு. அந்த ஓவியக்காரன் அதையும் விடாம எழுதியிருக்கான் பாரேன்."

நான் எத்தனையோ வருடமாக அந்தச் சுவரைப் பார்த்தவள். நல்ல கண் உள்ளவள். அப்படி ஒரு கட்டை நான் கண்டதே இல்லை. கிட்டே போய், மூக்கு சுவரில் முட்டும் அளவுக்குக் குனிந்தேன். இருந்தது. நக அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு.

"மத்தவங்க எல்லாம் மேல ராஜாவப் பாக்குறாங்க. அப்பா மட்டும் கீழ பாக்குறார்" என்றார் இவர். "கால எங்க வைக்கிறதுன்னு பாக்குறார். மேட்டுல ஏறும்போது எங்கிட்டயும் அதத்தான் சொல்லுவார்."

இறங்கிப்போன தோள்பட்டையைக் காட்டினார். மாமனார் பல்லைக் கடிக்கும்போது இடது கன்னத்தில் விழும் குழியைக் காட்டினார். ஒவ்வொன்றாகச் சொன்னார், பட்டி வாசலில் ஆடுகளைச் சொல்வதுபோல. எல்லாம் சரியாக இருந்தது. இத்தனை நாளும் வெளிச்சம் போதவில்லை என்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தாரே, அந்த வெளிச்சம்தான் புரையில் பட்டுச் சிதறி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் அன்றைக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் கவனிக்காமல் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டுவது எங்கள் குடும்ப வழக்கம்.

லாமா இதற்குள் புதுத் திரியோடு, நெருப்புப் பற்றவைத்த குச்சியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சாமி, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் இவர், திரும்பாமலே.

லாமா இவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குச்சியைத் தன் அங்கி மறைவில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். ராஜா வீட்டு விளக்கு அணைந்து கிடக்கிறது, இத்தனை ஜனங்கள் காத்திருக்கிறார்கள், அந்த மனிதர் நின்றார். அவரை அந்த நிமிடத்தில் கும்பிடத் தோன்றியது எனக்கு.

வரிசையில் பின்னாலிருந்து கேட்டார்கள்.

"ஏன் நகரல? என்ன ஆச்சு?"

"ஒருத்தரு அவங்க அப்பாவப் பாக்குறாராம்."

"எங்க?"

"செவுத்துலயாம்."

"விளக்கு?"

"விளக்கு இருந்தா அவருக்குத் தெரியாதாம்."

பிறகு ஒரு கிழவரின் குரல், "சரி, நல்லாப் பாக்கட்டும். நமக்கென்ன அவசரம், ஆடா காத்துக்கிடக்கு?" என்றது. ஒரு குழந்தை சிணுங்க, அதன் வாயில் எதையோ வைத்து அடக்கினார்கள். ஜெபச்சக்கரங்கள் சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. பெயர் தெரியாத ஒரு மனிதருக்காக அவ்வளவு பேரும் இருட்டில் நின்றார்கள். எங்கள் ஜனங்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் அன்றைக்கு அவர்கள் நின்றதை மறக்க மாட்டேன்.

இவர் தங்கையைத் தொட்டு எழுப்பினார். "ஏ குன்சாங், அழுதது போதும். உன் மூக்கு பீட்ரூட் மாதிரி இருக்கு. வந்து அப்பாவப் பாரு."

அவள் வந்து அண்ணனின் கையை ஒட்டி நின்றாள். அண்ணனும் தங்கையும் அப்படியே நின்றார்கள். பிறகு இவரே சொன்னார், "ஏத்துங்க சாமி. எல்லாரும் நிக்கிறாங்க."

லாமா கிண்ணத்திலிருந்து டீயை இறுத்துக் கொட்டினார். என் கையிலிருந்த பிளாஸ்கை நீட்டினேன். குன்சாங் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்ற விட்டாள். புதுத் திரி நனைந்து, பிடித்து, எரிந்தது. சுடர் நேராக, அழகாக எழுந்து நின்றது. வரிசை முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. ராஜாக்கள் மறுபடி பொன்னானார்கள்.

"பாருங்கண்ணா" என்றாள் குன்சாங், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவு நல்லா நிக்குது பாருங்க."

இவர் புருவத்தின்மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். இடது பக்கம் நகர்ந்தார், வலது பக்கம் நகர்ந்தார். சுவரை நோக்கிக் கையை நீட்டினார். விரல்கள் போய்த் தொட்டது வேறு யாரோ ஒருவருடைய முழங்காலை.

"போயிட்டார்" என்றார்.

முன்பு தெரியாதபோது இவர் இப்படிச் சொன்னதில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், போனது என்ன என்றே இவருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு மொத்தமாகப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

நாங்கள் விலகி வழிவிட்டோம். மேய்ச்சல் நிலத்துக் குடும்பம் முன்னால் வந்தது. கிழவர் போகிற போக்கில் இவர் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனார். இவர் தூணில் கைவைத்துக்கொண்டு, விளக்கு இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பியபடி வெகுநேரம் நின்றார்.

"நாளைக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

எனக்கு நேரம் தெரியும். ஒரு மாதமாக அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன், இவர் என்றாவது கேட்பார் என்று. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கத்திக்கு ஒரே எதிரியாக இருந்த குன்சாங்தான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"விடியறதுக்கு முன்னாடிண்ணா. நான் எழுப்புறேன்."